மூளை முடக்குவாதத்தோடு வளர்தல்: பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் மூளை முடக்குவாதத்தோடு பிறந்தவள். தஞ்சாவூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வளர்ந்து, இன்று ஓர் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் பணியாற்றுகிறேன். இரண்டு ஊன்றுகோல்களின் துணையோடு நடப்பேன். பேச்சு மெதுவாகவும் சற்றுக் குழறியும் வரும். இதே நிலையோடு வளரும் பதின்வயதுப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் பல ஆண்டுகளாக என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். மருத்துவ ஆலோசனை தேவைப்படும் இடங்களில் மருத்துவரையே கேளுங்கள். மற்றவற்றுக்கு, வாழ்ந்து பார்த்தவள் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

மூளை முடக்குவாதம் என்பது என்ன? வயது ஏற ஏற அது கூடுமா?

கருவில் இருக்கும்போதோ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்துக்குள்ளோ வளர்ந்துகொண்டிருக்கும் மூளைக்கு நேரும் பாதிப்பால் உடலின் அசைவும், நிற்கவும் அமரவும் தேவையான இருப்புநிலையும் கட்டுக்குள் நில்லாமல் போவதையே மூளை முடக்குவாதம் என்கிறோம். குறைமாதப் பிறப்பு, பிறப்பின்போது மூளைக்கு ஆக்சிஜன் போதாமை, பிறந்த குழந்தைக்கு வரும் கடுமையான மஞ்சள் காமாலை, மூளைத் தொற்று ஆகியவை அறியப்பட்ட காரணங்களில் சில. பல குழந்தைகளுக்குக் காரணம் இன்னதென்று திட்டமாகச் சொல்ல முடிவதில்லை.

மூளையில் நேர்ந்த பாதிப்பு கூடுவதில்லை. ஆனால் உடல் மாறிக்கொண்டே இருக்கும். பதின்வயதில் எலும்புகள் விரைந்து நீளும்போது இறுகிய தசைகள் அதே விரைவில் நீள்வதில்லை. அதனால் முழங்கால் மடங்கத் தொடங்கும், குதிகால் தரையில் படாமல் போகும், முன்பு நடந்த தொலைவை நடக்கவே மூச்சு வாங்கும். எனக்குப் பன்னிரண்டு வயதில் இப்படித்தான் ஆயிற்று. காரணத்தை எவரும் விளக்கவில்லை. பயிற்சியில் நான் சோம்பல்பட்டதால் வந்த வினை என்றே இரண்டு ஆண்டுகள் என்னை நொந்துகொண்டேன். உங்கள் பிள்ளைக்கு அந்த இரண்டு ஆண்டுகள் வேண்டாம் என்பதற்காகவே இந்த உடலியல் விளக்கத்தை முதலில் வைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ளவர்களில் சிலருக்கு அறிவுசார் குறைபாடும் சேர்ந்திருக்கும், பலருக்கு இருக்காது. முகச்சுளிப்பையும் குழறும் பேச்சையும் பார்த்து அதை எவராலும் முடிவு செய்துவிட முடியாது.

என் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் 70 விழுக்காடு என்று எழுதியிருக்கிறார்கள். அப்படியென்றால் நான் 30 விழுக்காடுதான் முழுமையா?

இந்தக் கேள்வியை ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஒரு பையன் என்னிடம் கேட்டான். அன்று முழுவதும் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

அந்த எண், கைகால் மூட்டுகளின் அசைவு, தசைகளின் வலு, ஒருங்கிணைப்பு போன்றவற்றை அரசு வகுத்த அளவுகோலின்படி மருத்துவர்கள் அளந்து இட்ட குறைபாட்டின் மதிப்பீடு. 40 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குச் சில உரிமைகளும் சலுகைகளும் உண்டு என்று சட்டம் சொல்வதால், யாருக்கு அவை சேரும் என்று தெரிந்துகொள்ள அலுவலகத்துக்கு ஓர் எண் தேவைப்படுகிறது. அதன் வேலை அவ்வளவுதான். உங்கள் நகைச்சுவை உணர்வையோ, கணக்கில் உங்களுக்குள்ள கூர்மையையோ, தம்பியோடு நீங்கள் போடும் சண்டையையோ அளக்கும் கருவி எந்த மருத்துவக் குழுவிடமும் இல்லை.

ஆயினும் அந்த எண் மனத்தில் தைக்கும் என்பதை நான் மறுக்க மாட்டேன். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: அட்டைக்கான மருத்துவ முகாமுக்குப் பிள்ளையை அழைத்துச் செல்வதற்கு முன்பே, அங்கே எதை அளப்பார்கள், எதற்காக அளப்பார்கள் என்று சொல்லிவிடுங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கும் அது புரியும். தலைக்கு மேலே பெரியவர்கள் பேசும் விழுக்காட்டை, விளக்கமில்லாமல் கேட்கும் பிள்ளை தானாகவே ஒரு பொருள் கற்பித்துக்கொள்ளும்.

‘ஊனமுற்றவர்’, ‘மாற்றுத்திறனாளி’ என்று பல சொற்கள் இருக்கின்றன. என்னை நான் எந்தச் சொல்லால் அழைத்துக்கொள்வது?

நான் பள்ளியில் படித்த காலத்தில் அரசுத் தாள்களில் இருந்த சொல் ‘ஊனமுற்றோர்’. 2010ஆம் ஆண்டு, மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, தமிழ்நாடு அரசு அதை ‘மாற்றுத்திறனாளிகள்’ என்று மாற்றியது. அந்த மாற்றத்தின் பயனை நான் நேரில் உணர்ந்தேன்: பேருந்தில் இருக்கை கேட்கும்போது வாயிலிருந்து அந்தப் பழைய சொல்லை எடுக்க வேண்டியிருக்கவில்லை. 2015 டிசம்பரில் பிரதமர் நரேந்திர மோடி தம் வானொலி உரையில் ‘திவ்யாங்’ என்ற சொல்லை முன்வைத்தார். தெய்வத்தன்மை பொருந்திய உறுப்பு என்பது அதன் பொருள். எங்களுக்குத் தெய்வத்தன்மை வேண்டாம், சமவுரிமை போதும் என்று அதை ஏற்காதவர்கள் பலர். நானும் அவர்களில் ஒருத்தி.

‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல்லிலும் எனக்கு ஒரு சிறு நெருடல் உண்டு. ஒரு திறன் குறைந்தால் அதற்கு ஈடாக வேறொரு பெருந்திறன் இருந்தே ஆக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதற்குள் ஒளிந்திருக்கிறது. எனக்கு அப்படியொரு மாற்றுத்திறன் ஏதும் இல்லை. நான் சராசரியாகப் படித்து, சராசரியாகப் பாடுகிறவள். இருந்தும் பொதுவிடத்தில் அந்தச் சொல்லையே பயன்படுத்துகிறேன், ஏனெனில் அது கேட்பவரை மரியாதையாகப் பேச வைக்கிறது. வீட்டில், நண்பர்களிடம், ‘எனக்கு மூளை முடக்குவாதம் இருக்கிறது’ என்று நேராகச் சொல்லிவிடுவேன். உங்கள் வாய்க்கு எது கூச்சமின்றி வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டுகள் கழித்து மாற்றிக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை உண்டு.

நம் மொழியில் ஊறிப்போன சில வழக்குகளைப் பற்றியும் பேச வேண்டும். எங்கள் வகுப்பாசிரியர் வீட்டுப்பாடம் எழுதாதவனைப் பார்த்து ‘நொண்டிச் சாக்கு சொல்லாதே’ என்பார். வகுப்பு முழுவதும் திரும்பி என்னைப் பார்க்கும். அவர் என்னை நினைத்துச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். ‘முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்டாற்போல’ என்ற பழமொழியைத் தேர்வுத்தாளில் விளக்கி எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். ஆசிரியர்கள் இந்த இரண்டையும் விட்டுவிட்டால் தமிழ் வறண்டு போய்விடாது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், திரைப்படம் உள்ளிட்ட காட்சி ஊடகங்கள் இவ்வாறான இழிசொற்களைத் தவிர்க்க வேண்டும் என்று வழிகாட்டு நெறிகளே வகுத்திருக்கிறது. வகுப்பறையில் அதைக் கடைப்பிடிப்பது கடினமன்று.

என் நடையைப் போலவே நடந்து காட்டிச் சிரிக்கிறார்கள். நான் என்ன செய்வது?

முதலில், யாரிடமாவது சொல்லுங்கள். ‘கண்டுகொள்ளாதே’ என்ற அறிவுரையை நானும் எட்டாண்டுகள் பின்பற்றினேன். கண்டுகொள்ளாதது போல நடிக்கப் பழகினேனே தவிர, கண்டுகொள்ளாமல் இருக்க ஒரு நாளும் முடியவில்லை.

சிரிப்பவர்களில் பெரும்பாலோருக்கு உங்கள் உடல் ஏன் அப்படி அசைகிறது என்பதே தெரியாது. ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு நாள், ஐந்து நிமிடம், பிள்ளை விரும்பினால் தானே, இல்லையென்றால் ஆசிரியர், வகுப்பில் அதை விளக்குவது நல்ல பயன் தருவதைப் பார்த்திருக்கிறேன். அதன் பிறகும் திட்டமிட்டுத் துன்புறுத்துபவர்கள் இருந்தால் அது பள்ளி நிர்வாகம் கையாள வேண்டிய ஒழுங்குச் சிக்கல். அதைத் தாங்கும் பொறுப்பு உங்களுடையதன்று. வளர்ந்தவர்கள் இதைச் செய்தால் சட்டமே குறுக்கே வரும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 92ஆம் பிரிவு, பொதுவிடத்தில் ஒருவரை இழிவுபடுத்தும் நோக்கோடு அவமதிப்பவருக்கு ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்கிறது.

எப்போதும் நம்பிக்கையோடும் சிரித்த முகத்தோடும் இருக்கச் சொல்கிறார்கள். எனக்கோ அழுகையும் கோபமும் வருகின்றன. நான் பலவீனமானவளா?

இல்லை. இந்தக் கேள்விக்கு நீண்ட பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களிடம் மிக அதிகமாக வசூலிக்கப்படும் வரி இந்தச் சிரித்த முகம்தான்.

ஊன்றுகோலோடு நகரப்பேருந்தில் ஏறுவதை எண்ணிப் பாருங்கள். முதற்படி என் முழங்கால் உயரத்துக்கு இருக்கும். நான் ஒரு காலைத் தூக்கி வைப்பதற்குள் விசில் அடித்துவிடும். இரண்டு முறை விழுந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து அழுதபோது ஒவ்வொருவரும் ‘மனதைத் தளர விடாதே’ என்றார்கள். படியின் உயரத்தைக் குறைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை என்பதுதான் இன்று நினைத்தால் வலிக்கிறது. வேறு சிலருக்குத் தோன்றியது. அவர்கள் நீதிமன்றம் வரை சென்று பல ஆண்டுகள் வாதாடினார்கள். 2024 ஆகஸ்டில் சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கின. அவர்களை அங்கே கொண்டு சென்றதில் கோபத்துக்கும் பங்கு உண்டு என்றே நான் எண்ணுகிறேன். ஆகவே கோபம் வரும்போது, அது எதைச் சுட்டுகிறது என்று பாருங்கள். ஒரு படிக்கட்டையோ, ஒரு விதியையோ, ஒருவருடைய நடத்தையையோ சுட்டினால், அந்தக் கோபம் உங்களுக்கு வழிகாட்டுகிறது.

துக்கம் வேறு வகை. தோழிகள் ஓடிப்பிடித்து விளையாடும்போது திண்ணையில் அமர்ந்து அவர்களுடைய செருப்புகளுக்குக் காவல் இருந்த மாலைகள் எனக்கு உண்டு. அந்தத் துக்கத்தை எந்தச் சட்டமும் தீர்க்காது. அதை அழுதுதான் கழிக்க வேண்டும். அழுது முடித்த பிறகு வரும் தெளிவு, அழுகையை விழுங்கிக்கொண்டு சிரித்த நாட்களில் எனக்கு வந்ததே இல்லை.

வலியும் உண்டு. மனம் சோர்ந்திருப்பதாக நாம் நினைக்கும் பல நாட்களில் உண்மையில் சோர்ந்திருப்பது தசைதான். இறுகிய தசைகளோடு நடப்பதற்குக் கூடுதல் ஆற்றல் செலவாகிறது. பள்ளி முடிந்து வந்ததும் ஒரு மணி நேரம் படுத்திருப்பதற்கு எவரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சோர்வு வாரக்கணக்கில் நீண்டு, உணவும் உறக்கமும் கெட்டு, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் காத்திருக்காதீர்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணான 14416ஐ எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். பேச்சு குழறினால் மெதுவாகப் பேசுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மகிழ்ச்சி எப்போது வந்தது என்றும் சொல்கிறேன். 2022 நவம்பரில் மெரினாவில் மணல்மீது கடலருகே வரை நிரந்தர மரப்பாதை ஒன்றைத் திறந்தார்கள். மணலில் ஊன்றுகோல் புதைந்துவிடும் என்பதால் அதுவரை நான் கடலைச் சாலையிலிருந்து மட்டுமே பார்த்திருந்தேன். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அந்தப் பாதை சேதமாகி, பிறகு சீரமைக்கப்பட்டது. அதன் பின் ஒரு நாள் மாலை நான் அதில் நடந்து, அலையின் ஈரம் முகத்தில் படும் தொலைவில் நின்றேன். அன்று என்னைச் சிரிக்கச் சொல்ல யாரும் தேவைப்படவில்லை.

‘உன்னைப் பார்த்து எல்லோரும் கற்க வேண்டும்’ என்று மேடையேற்றுகிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. அது நன்றிகெட்டத்தனமா?

அல்ல. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஸ்டெல்லா யங் என்ற பெண்மணி, சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர், 2014இல் ஆற்றிய உரையில் தம் பதினைந்தாம் வயதில் நடந்ததைச் சொன்னார்: ஊர்க்காரர் ஒருவர் அவருக்குச் சாதனை விருது தரப் பரிந்துரைக்க விரும்பியபோது, ‘அவள் இன்னும் எதையும் சாதிக்கவில்லையே’ என்று பெற்றோர் சொன்னார்களாம். அந்தப் பெற்றோரை நான் மனமாரப் போற்றுகிறேன். தங்கள் மகளை மற்ற பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு இணையாக அவர்கள் பார்த்தார்கள்.

சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றபோது நானும் ஆனந்தக் கண்ணீர் விட்டேன். டோக்கியோவில் வெள்ளியும் பாரிசில் வெண்கலமும் அவர் வென்றது உழைப்பின் பயன். ஆனால் அவர் பெயரைச் சொல்லி, ‘அவரால் முடிந்தது உன்னால் முடியாதா’ என்று ஒரு பிள்ளையை மாடிப்படி ஏற வைப்பது கொடுமை. கால் நன்றாக உள்ள பிள்ளைகளிடம் யாரும் ஒலிம்பிக் வீரரைக் காட்டி வகுப்பறைக்கு ஏறிவரச் சொல்வதில்லை. மேடை வேண்டாம் என்று பணிவாக மறுத்துவிடுங்கள். பாட்டுப் போட்டியில் பரிசு பெற்றால் மட்டும், எல்லோரையும் போல ஏறி வாங்கிக்கொள்ளுங்கள்.

பெற்றோர் கேட்பது: எல்லாவற்றையும் நாங்களே செய்து தருகிறோம். எப்போது, எப்படி விடுவது?

நீங்கள் நினைப்பதைவிட முன்னதாகவே. என் தாயார் எனக்குப் பதினான்கு வயது வரை சட்டைப் பித்தானை மாட்டிவிட்டார். நானே மாட்டினால் இருபது நிமிடம் ஆகும். பள்ளி வண்டி காத்திருக்காது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எந்தச் சட்டை என்று தேர்ந்தெடுப்பதையும் அவரே செய்தார். கையால் செய்ய முடியாத ஒன்றைப் பற்றி வாயால் முடிவு சொல்ல முடியும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியாமல் இருந்தது. உடை, உணவு, எந்த நேரத்தில் பயிற்சி, உறவினர் கேட்டால் என்ன சொல்வது ஆகியவற்றைப் பிள்ளையிடம் கேட்கத் தொடங்குங்கள். தான் யார் என்ற உணர்வு ஒரு பிள்ளைக்கு இப்படிப்பட்ட சிறு முடிவுகளிலிருந்தே திரள்கிறது. அறிவுரைகளால் அது வருவதில்லை என்பது என் திடமான கருத்து.

மறைப்பதையும் விட்டுவிடுங்கள். டம்ளரைப் பிடித்தால் என் கை உதறிக் காப்பி சிந்தும். திருமண வீடுகளில் அம்மா என்னைத் தூணுக்குப் பின்னால் அழைத்துச் சென்று காப்பியைப் புகட்டிவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்து, பிறகே கூடத்துக்கு அழைத்து வருவார். அன்புதான். ஆயினும் நான் பருகுவது பிறர் பார்க்கக் கூடாத காட்சி என்றே அந்தத் தூண் எனக்குக் கற்பித்தது. முப்பது வயதை நெருங்கும் வரை வெளியிடங்களில் நான் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

சக்கர நாற்காலியைப் பயன்படுத்தத் தொடங்கினால் தோற்றுவிட்டதாக ஆகாதா?

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் நேர்ந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். அதன் பின் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமானார். அந்த நாற்காலி இல்லையென்றால் அவரால் அறுவை அரங்குக்குப் போயிருக்க முடியாது. வீட்டுக்குள் நடந்து, நெடுந்தொலைவுக்கு நாற்காலியில் செல்பவர்கள் பலர். நடப்பதிலேயே வலு முழுவதும் தீர்ந்துபோனால் படிக்க எது மிஞ்சும்?

என் பேச்சு புரியவில்லை என்று அம்மாவிடமே எல்லோரும் பேசுகிறார்கள்.

அம்மாவிடம் முன்கூட்டியே ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்: கேள்வி உங்களைப் பற்றியதானால் அவர் பதில் சொல்லாமல் உங்களைப் பார்க்க வேண்டும். கேட்டவரும் தானாக உங்கள் பக்கம் திரும்புவார். புரியாவிட்டால் மறுபடி சொல்லுங்கள், கைபேசியில் தட்டச்சு செய்து காட்டுங்கள், சொல்ல வந்ததைப் படங்களால் சுட்டிக்காட்டும் படப்பலகை வைத்திருந்தால் அதைக் காட்டுங்கள். புரிந்தது போலத் தலையாட்டுபவரிடம் ‘நான் என்ன சொன்னேன்’ என்று கேட்பதில் தவறில்லை.

முற்பிறவிப் பாவம் என்கிறார்கள். கோயில் கோயிலாக அழைத்துச் செல்கிறார்கள்.

கடவுளை வணங்குவது உங்கள் விருப்பம், நானும் வணங்குகிறேன். ஆனால் உங்களைக் குணப்படுத்துவதற்காக மட்டுமே எல்லாப் பயணங்களும் அமைந்தால், இப்போதிருக்கும் நீங்கள் ஒரு தற்காலிக ஆள் என்ற எண்ணம் வேரூன்றிவிடும். பாவம் என்று சொல்பவரிடம், வளரும் மூளைக்கு நேர்ந்த பாதிப்புதான் காரணம் என்று பெற்றோர் உரக்கச் சொல்ல வேண்டும், அதுவும் பிள்ளையின் காதில் விழும்படி.

படிப்பு, வேலை ஆகியவற்றில் எனக்கு என்ன உரிமைகள் உள்ளன?

சுருக்கமாகச் சொல்கிறேன். 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தவை ஏழே. 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை கட்டணமில்லாக் கல்வி, அரசு உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காடு, அரசுப் பணிகளில் 4 விழுக்காடு இடஒதுக்கீடு ஆகியவை உண்டு. தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். ஒன்றிய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா திட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு கிடைக்கிறது. இவற்றைக் கேட்டுப் பெறக் கூச்சப்பட வேண்டாம். கூடுதல் நேரம் வாங்கி எழுதிய தேர்வில் விடைகள் உங்களுடையவையே.

காதலும் திருமணமும் எனக்கு உண்டா?

ஆசை உங்களுக்கும் உண்டு, உரிமையும் உண்டு. என் உறவினர்கள் என் முன்னிலையிலேயே ‘இவளுக்கு அதெல்லாம் எதற்கு’ என்று பேசியதை நான் இன்னும் மறக்கவில்லை. திருமணம் செய்துகொண்ட தோழிகளும், வேண்டாம் என்று முடிவெடுத்த தோழிகளும் எனக்கு இருக்கிறார்கள். நான் இரண்டாம் வகை. உடல் மாற்றங்கள், மாதவிடாய், தொடுதலில் எது தவறு என்பவற்றைப் பற்றி மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லும் அதே வயதில் இந்தப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். பிறர் கையால் குளித்து உடுத்த வேண்டிய பிள்ளைக்கு அந்த அறிவு கூடுதலாகவே தேவைப்படுகிறது.

என்னைப் போன்றவர்களை நான் பார்த்ததே இல்லை. எங்கே சந்திப்பது?

சென்னையில் 1985 முதல் இயங்கும் வித்யா சாகர் மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்காகவே தொடங்கப்பட்டது. தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் உள்ளது. 1975இல் கடற்படைத் தேர்வின்போது அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன் 1981இல் அதை நிறுவினார். உங்கள் மாவட்டத்து மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்தால் அருகிலுள்ள பயிற்சி மையங்களைச் சொல்வார்கள். டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் நாளன்று நடக்கும் நிகழ்ச்சிகளும் அறிமுகத்துக்கு ஏற்றவை. கூட்டத்தில் பேச வேண்டிய கட்டாயமில்லை. போய் அமர்ந்திருந்தாலே போதும்.

எனக்கு அந்தச் சந்திப்பு இருபத்தெட்டு வயதில், அட்டை புதுப்பிக்கும் முகாம் ஒன்றில் வாய்த்தது. வரிசையில் எனக்கு முன்னால் ஓர் அக்கா நின்றார். என்னைப் போலவே கை உதறியது, என்னைப் போலவே குழறிப் பேசினார். தேநீர் கொண்டுவந்தார்கள். நான் வழக்கம்போல வேண்டாம் என்றேன். அவர் தம் பையிலிருந்து உறிஞ்சுகுழல் ஒன்றை எடுத்துத் தம் குவளையில் போட்டார். குவளையை மேசையிலேயே வைத்துக் குனிந்து, அத்தனை பேர் நடுவில் நிதானமாகப் பருகினார். பிறகு இன்னொரு குழலை எடுத்து என் கையில் வைத்து, ‘சூடு ஆறிய பின் குடிம்மா’ என்றார்.